மூன்றாம் பெயர்: ராகினியை மதிப்பிடுதல்

லலிதா, பத்மினி, ராகினி. இந்த வரிசையில் சொல்லித்தான் நம் வாய்க்குப் பழக்கம். உண்மையில் இது மூன்று சகோதரிகளின் வயது வரிசை. மூத்தவர் லலிதா. பத்மினி 1932இல் பிறந்தவர். ராகினி அவரைவிட ஐந்து வயது இளையவர். ஆனால் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையே தர வரிசையாகவும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பத்மினிக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், லலிதாவுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள், ராகினிக்கு 'பத்மினியின் தங்கை' என்ற இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல் நியாயமா என்பதைப் படங்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தங்கைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று புலம்புவதும் எனக்கு உடன்பாடில்லை. படம் பார்க்காமலே அனுதாபப்படுவது இன்னொரு வகைச் சோம்பல்.

திருவனந்தபுரத்துப் பூஜப்புரைக் குடும்பம். குரு கோபிநாத்திடமும் டி.கே. மகாலிங்கம் பிள்ளையிடமும் நடனப் பயிற்சி. நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா' படம் 1948இல் வெளிவந்தபோது அதில் லலிதாவும் பத்மினியும் ஆடினார்கள். ராகினிக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. அந்தக் காலத்தில் 'லலிதா பத்மினி நாட்டியம்' என்பது படத்தோடு சேர்த்து விற்கப்பட்ட தனிச் சரக்கு. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அரசவையோ கனவோ ஏதாவது ஒரு சாக்கில் இருவரும் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். 1950இல் பட்சிராஜா நிறுவனத்தின் மலையாளப் படமான 'பிரசன்னா'வில் மூவரும் தோன்றினார்கள். ஆனால் ராகினி வந்து சேர்வதற்குள் பெயர்ப்பலகை எழுதியாகிவிட்டது. அவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் உண்மை இதுதான்: ஏற்கெனவே புகழ் பெற்ற ஒரு ஜோடிக்குள் மூன்றாவது ஆளாக நுழைந்தார்.

அந்த இடத்தின் அளவைப் பார்க்க 'தூக்குத் தூக்கி' (1954) போதும். மூவரும் இருக்கிற படம். கட்டிய கணவனுக்குத் துரோகம் செய்யும் மனைவி லலிதா. நாயகனை நேசிக்கும் இளவரசி பத்மினி. ராகினிக்கு இவர்களுக்குப் பின்னால்தான் இடம். லலிதா இப்படிப்பட்ட வேடங்களில் தனக்கென ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கதாபாத்திரம் என்றால் லலிதா என்று தயாரிப்பாளருக்குத் தோன்றும். ராகினி என்றால் என்ன தோன்றும்? தமிழில் அந்தக் கேள்விக்குப் பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. 'உத்தம புத்திரன்' (1958) படத்தில் பத்மினி கதாநாயகி, ராகினி தங்கவேலுவின் நகைச்சுவைப் பக்கம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் வெள்ளையம்மாளாக பத்மினி நம் நினைவில் நிற்கிறார். அதே படத்தில் ராகினியும் உண்டு என்பதைச் சொல்லித்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 'பார்த்திபன் கனவு' (1960) படத்திலோ அக்காள் இல்லை. அப்போதும் நாயகி வைஜயந்திமாலா, ராகினி துணை.

'பத்மினியின் நிழல் அவரை மறைத்தது' என்று எளிதாகச் சொல்லிவிடும் விளக்கம் இங்கேதான் இடறுகிறது. நிழல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பத்மினி 1961இல் திருமணம் செய்துகொண்டு பிறகு அமெரிக்கா போய்விட்டார். நிழல் விலகிய அந்த ஆண்டுகளில் தமிழில் ராகினி ஏன் மேலே வரவில்லை? காலம் மாறிவிட்டது என்பதுதான் பதில். 'கல்யாண பரிசு' (1959) வந்த பிறகு குடும்பக் கதைகள் பெருகின. ஜதி சொல்லும் காலைவிட, புடவை முந்தானையைப் பிடித்தபடி பேசத் தெரிந்த முகம் தேவைப்பட்டது. சரோஜா தேவியும் தேவிகாவும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். நடனக்காரி நாயகி என்ற அச்சே பழசாகிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அச்சில் வார்க்கப்பட்டவர்களிலேயே இளையவராக ராகினி நின்றார். அக்காளைவிட நாட்காட்டிதான் அவருக்கு அதிகக் கெடுதல் செய்தது.

நடனத்தில் அவர் எவ்வளவு? 1960இல் இந்தியில் இன்னொரு 'கல்பனா' வந்தது. அசோக் குமார், பத்மினி, ராகினி. இசை ஓ.பி. நய்யார். அதில் முகமது ரஃபியும் மன்னா டேயும் சேர்ந்து பாடிய லலித் ராகப் பாடல் ஒன்று உண்டு. பாடுவது இரண்டு ஆண் குரல். ஆடுவது அக்காளும் தங்கையும். இந்தப் பாடலை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பத்மினியின் ஆட்டம் முகத்திலிருந்து தொடங்குகிறது: கண் முதலில் போகிறது, கை அதைத் தொடர்கிறது. ராகினியின் ஆட்டம் இடுப்புக்குக் கீழே தொடங்குகிறது. அரைமண்டி தளரவில்லை, பாதம் தரையில் விழும் இடம் துல்லியம், திரும்பி நிற்கும்போது உடம்பு ஆடாமல் அடங்குகிறது. வெறும் நிருத்தத்தில் தங்கை ஒரு இம்மியும் குறைந்தவர் அல்லர். வேகம் கூடும் இடங்களில் எனக்கு அவரே ஒரு படி மேலாகத் தெரிகிறார். ஆனால் கேமரா முகத்துக்கு அருகில் வந்தவுடன் நிலைமை மாறுகிறது. பத்மினியின் முகத்தில் ஒரு பாவம் இன்னொன்றாகக் கனிந்து மாறும். ராகினி ஒரு பாவத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார், நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். சினிமா முகத்தை நம்பும் கலை. அண்மைக்காட்சியில் தோற்றவர் அரங்கில் எவ்வளவு பெரிய நடனமணியாக இருந்தாலும் திரையில் இரண்டாமிடம்தான். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு மொழியின் திரையில் இரண்டாமிடம் என்றால் எல்லா மொழியிலும் அப்படியா? எங்கள் எல்லையோர உத்தனப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் இப்போது பெரிய மின்னணு ஆலைகள் வந்துவிட்டன. ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ இளம்பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் கைபேசியில் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கொரிய, ஜப்பானியப் பெண் குழுக்களின் பாட்டு. அந்தக் குழுக்களில் நடுவில் நிற்பவர் யார், ஓரத்தில் நிற்பவர் யார் என்பது பெரிய விஷயம். 2005இல் டோக்கியோவின் அகிஹபராவில் தொடங்கிய 'ஏ.கே.பி. 48' குழு, குறுந்தட்டு வாங்கும் ரசிகர்களின் வாக்கை எண்ணியே அந்த இடத்தை முடிவு செய்யும் தேர்தலை 2009 முதல் சில ஆண்டுகள் நடத்தியது. அதில் முன்வரிசைக்கு வர முடியாத ஹாருகா நகாகவா 2012இல் ஜகார்த்தாவிலுள்ள கிளைக் குழுவான 'ஜே.கே.டி. 48'க்கு மாறினார், இந்தோனேசிய மொழி கற்றுக்கொண்டார், அங்கே ஓர் அணியின் தலைவியானார், தொலைக்காட்சியில் தெரிந்த முகமானார். ஒரு மொழியில் ஓரத்தில் நின்றவர் இன்னொரு மொழியில் நடுவுக்கு வரலாம். அதனால் ஒரு கலைஞரை ஒரே மொழியின் கணக்குப் புத்தகத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது தவறு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கடைவாசலில் புழங்கும் எல்லையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து எழுதப்பட்ட சினிமா வரலாறுகளுக்குத்தான் விளக்க வேண்டும்.

ராகினியின் இன்னொரு கணக்குப் புத்தகம் மலையாளம். பி. பாஸ்கரன் இயக்கிய 'நாயரு பிடிச்ச புலிவால்' (1958), சர்க்கஸ் பின்னணியிலான கதை. சத்யனுக்கு இணை ராகினி. 1961இல் குஞ்சாக்கோவின் 'உண்ணியார்ச்ச'. வடக்கன் பாட்டுகள் என்ற வீரக் கதைப்பாடல்களிலிருந்து மலையாளத்தில் வந்த முதல் படம் அது. பிறகு பல ஆண்டுகள் ஓடிய ஒரு படவகைக்கே அதுதான் வாசல். சத்யனும் பிரேம் நசீரும் இருக்கும் படத்துக்குப் பெயர் ராகினியின் கதாபாத்திரத்துடையது. அடுத்த ஆண்டே 'பாலாட்டு கோமன்', அணைக்கட்டுப் பின்னணியில் 'புதிய ஆகாசம் புதிய பூமி'.

'உண்ணியார்ச்ச' கலைப்படைப்பாகப் பெரிதல்ல. அரங்கமைப்பு நாடகக் கொட்டகையை நினைவூட்டுகிறது, வசனம் நீளம். ஆனால் நாயகியின் நிற்கும் தோரணையைப் பாருங்கள். கூத்து பார்க்கப் போகிற வழியில் மறித்தவர்களைக் கணவன் நடுங்கி நிற்க, அவளே எதிர்கொள்கிற கதை அது. ஆயுதம் பிடிக்கும் பெண்ணை நம்ப வைக்க உடம்பில் ஒரு நிலைத்தன்மை வேண்டும். ராகினியின் நடனப் பயிற்சி அதை இயல்பாகவே கொடுத்தது. தாய்மொழியில் பேசுவதால் வசனத்திலும் தயக்கம் இல்லை. தமிழ் இயக்குநர்கள் அலங்காரமாகப் பயன்படுத்திய அதே திறமையைக் கதையின் முதுகெலும்பாக ஒரு இயக்குநர் பயன்படுத்தியபோது ராகினி படத்தைத் தாங்கினார்.

ஆனாலும் என் தீர்ப்பைத் திருப்பியது அந்தப் படமல்ல. கே.எஸ். சேதுமாதவன் 1970இல் எடுத்த 'அரநாழிகநேரம்'. பாறப்புறத்தின் நாவல். படுக்கையில் கிடக்கும் கிறிஸ்தவக் குடும்பத் தலைவராக கொட்டாரக்கரா. அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் தீனாம்மாவாக ராகினி. கிழவருக்குப் பணிவிடை செய்கிற கையும், வீட்டுக்கு வந்து போகும் குறுப்பு என்பவரோடு ரகசிய உறவுக்குள் இறங்கும் மனமும் ஒரே பெண்ணுடையவை என்று நாம் நம்ப வேண்டும். ஆட்டம் கிடையாது, அலங்காரம் கிடையாது. நான் முன்னே சொன்ன அந்த வெற்றிடம், ஒரு பாவத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் தெரிந்த அந்த இடைவெளி, இங்கே பாத்திரத்துக்குரிய மறைப்பாகிவிடுகிறது. தீனாம்மா எதையோ உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நமக்குப் படுகிறது. படத்தின் பாராட்டெல்லாம் கொட்டாரக்கராவுக்குப் போனது. அது அவருக்கு உரியதுதான். ஆனால் அவர் படுத்துக்கொண்டு நடிக்க, அந்த வீட்டை நடமாடித் தாங்கியவர் ராகினி.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு நல்ல படங்களை வைத்து ஒருவரைத் தூக்கிப் பிடிப்பதா? 'தில்லானா மோகனாம்பாள்' போல ஒரு தலைமுறையே மனப்பாடமாகச் சொல்லும் பாத்திரம் ராகினியிடம் இல்லையே? இல்லைதான். பத்மினியின் உயரத்தை அவர் எட்டவில்லை, எட்டியிருப்பார் என்று ஊகிக்கவும் ஆதாரம் இல்லை. நான் சொல்வது சிறியது, ஆனால் உறுதியானது. நடனத்தில் ராகினி முதல் வரிசை. நடிப்பில், தமிழில் சாதாரணம். மலையாளத்தில், குறிப்பாக 1961லும் 1970லும், மதிக்கத்தக்க முதன்மை நடிகை. 'பத்மினியின் தங்கை' என்பது அவர் யாருடைய உடன்பிறந்தவர் என்பதைத்தான் சொல்கிறது. அதை மதிப்பீடாக எழுதுவது பிழை.

ராகினி 1976 டிசம்பர் 30 அன்று புற்றுநோயால் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. 'அரநாழிகநேரம்' காட்டிய பாதையில் நடக்க அவருக்கு ஆறே ஆண்டுகள்தான் இருந்தன. தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பில் அவருக்கென்று தனிப் பதிவு ஒன்று சேர்க்கட்டும். சேர்ப்பதற்கு முன் 'உண்ணியார்ச்ச', 'அரநாழிகநேரம்' ஆகிய இரண்டு மலையாளப் படங்களையும் பார்த்துவிடட்டும்.