துண்டுப் பிரசுரத் தமிழும் மார்பகப் புற்றுநோயும்

கவிதையையும் கதையையும் நாடகத்தையும் ஆராய்வதற்கு இவ்விலக்கியப் பகுதியில் இடம் உண்டு. ஆஸ்பத்திரி மேசைமீது இலவசமாகக் கிடக்கும் ஒரு துண்டுப் பிரசுரத்தை ஆராயவும் இடம் உண்டோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே நமது விடை. நாவல் ஒன்று தெளிவின்றி எழுதப்பட்டால் படிப்பவர்க்கு நேரும் நட்டம் சில மணி நேரமும் புத்தக விலையுமே. மார்பகத்தில் கட்டி கண்ட ஒரு பெண்ணுக்கென எழுதப்படும் நான்கு பக்கங்கள் தெளிவின்றிப் போனால் நேரும் நட்டமோ வேறு. உரைநடையின் குணங்குற்றங்களைக் கண்டிப்புடன் அளக்கவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அஃது இதுவேயாம்.

சில திங்களுக்கு முன் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள ஓர் அம்மையார் நம் இல்லத்திற்கு வந்தார். அறுபதை அடுத்த வயதினர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் கற்றவர். மலாய் பேசுவார், ஆங்கிலம் அறியார். ஆஸ்பத்திரியில் தந்த தமிழ்ப் பிரசுரம் ஒன்று அவர் கைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. அதில் ஒரு வரியைச் சுற்றிப் பேனாவால் எவரோ வட்டமிட்டிருந்தனர். நோய் முன்னேறிய நிலையில் உள்ளவர்களுக்கு இன்ன சிகிச்சை என்று கூறும் வரி அது. அம்மையார் அதனை விரலால் தொட்டு, "முன்னேறியிருக்குன்னு போட்டிருக்கே, நல்லதுதானே ஐயா?" என்று வினவினார்.

நமக்கு நா எழவில்லை. ஆயினும் குற்றம் அம்மையாருடையதன்று. "முன்னேற்றம்" என்னும் சொல்லைத் தமிழர் எப்பொருளில் வழங்குகிறோம்? பையன் படிப்பில் முன்னேறினான் என்கிறோம். குடும்பம் முன்னேறிற்று என்கிறோம். சமூகம் முன்னேறவேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆங்கிலச் சொல்லொன்றை அகராதியின் பக்கத்தில் வைத்து எடைக்கு எடை பெயர்த்த எழுத்தாளர்க்கு, "முற்றிய நோய்" என்னும் பழந்தமிழ் வழக்கு நினைவுக்கு வரவில்லை போலும். காய் முற்றும், கடன் முற்றும், நோய் முற்றும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லுவாளே!

அப்பிரசுரத்தை வாங்கி முழுவதும் படித்தோம். பின்னர் இதுபோன்ற வேறு சிலவற்றையும் தேடிப் பெற்றுப் படித்தோம். தாள் வழவழப்பானது, படங்கள் அழகியவை, இளஞ்சிவப்பு நாடாவுக்குக் குறைவில்லை. தமிழ்தான் பிழைபட்டுக் கிடக்கிறது. நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை "நிலை" என்றும், புற்றணுக்கள் இயல்பான அணுக்களினின்றும் எவ்வளவு மாறி வேகமாய்ப் பெருகுகின்றன என்பதைத் "தரம்" என்றும் எழுதுகின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு அளவைகள் என்று ஒரு வரியேனும் விளக்கினாரில்லை. "தரம் 3" என்று கண்ட பெண், மூன்றாந்தரம் என்றால் மட்டமானது, ஆகவே வலுவற்ற புற்று என்று எண்ணினால் அவளை நகைக்க முடியுமா? உண்மையில் மூன்றே மிக வேகமானது.

"எதிர்மறை" என்னும் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களைச் சோதித்து முடிவு எதிர்மறை என்றால், புற்று அங்கே பரவவில்லை, மகிழவேண்டிய செய்தி. ஹார்மோன் ஏற்பிச் சோதனை எதிர்மறை என்றால், தமாக்சிபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் அவளுக்குப் பயன்படா, அது மகிழத்தக்கதன்று. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இருவகை விதிகளைச் சுமந்து நிற்கிறது. படிப்பவள் எதை நம்புவாள்? "ஐந்தாண்டு உயிர்வாழ்வு" என்ற தலைப்பைக் கண்டு, தமக்கு ஐந்தே ஆண்டுகள் என்று கணக்கிட்டு மகளின் கலியாணத்தை அவசரப்படுத்திய ஒருவரையும் நாம் அறிவோம். நோய் கண்ட நூறு பேரில் ஐந்தாண்டு கழித்து உயிருடன் இருப்போர் எத்தனை பேர் என்பதே அதன் பொருள். அவர்களிற் பலர் அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்கின்றனர். இதை எழுத இரண்டு வரி போதும்.

உறுப்பின் பெயரைச் சொல்லவும் சிலர்க்குக் கூச்சம். "மார்புப் பரிசோதனை" என்று எழுதுகின்றனர். மார்பு ஆணுக்கும் உண்டு. நெஞ்சு வலிக்காரரும் அச்சொல்லையே பயன்படுத்துவர். சங்கப் புலவர் கூசாது பாடிய உறுப்பு; கண்ணகி தன் கையால் திருகி எறிந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும் உறுப்பு. காவியத்தில் கூச்சமின்றிப் படித்துப் புகழ்வதை மருத்துவத் தாளில் எழுத நாணுவது என்ன நாகரிகமோ அறியோம்.

இனி, சொல்லைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. "பரிசோதனை மேற்கொள்ளப்படும், சிகிச்சை முறை தீர்மானிக்கப்படும், அறுவை செய்யப்படும்" என்றே இப்பிரசுரங்கள் நடக்கின்றன. யாரால் தீர்மானிக்கப்படும்? அந்த வாக்கியத்தில் வைத்தியரும் இல்லை, நோயாளியும் இல்லை. இது வெறும் இலக்கணக் குறையன்று. இந்த இலக்கணத்தின்படியே அறுவைக் கூடங்கள் நடந்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதனை எதிர்த்து ஒரு பெண் எழுதிய நூலை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

பால்டிமோர் நகரத்து அறுவை வைத்தியர் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குட் கணுக்களையும் ஒருசேர நீக்கும் முறையைப் பற்றி 1894-இல் விரிவாக எழுதினார். அம்முறை அந்நாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. கட்டியோடு வரும் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துவர். கட்டியில் ஒரு துண்டை அறுத்து உடனே உறையவைத்துச் சோதிப்பர். புற்று என்றால் அதே மயக்கத்தில் மார்பகத்தை நீக்கிவிடுவர். அவள் கண் விழித்துத் தன் கையால் கட்டுத்துணியைத் தடவிப் பார்த்தே தனக்கு வந்த நோய் யாதென அறிவாள். ஒப்பந்தத்தில் அவள் முன்னரே கையெழுத்திட்டிருப்பாள் என்பது உண்மை. எதற்கு இட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் 1974-இல் தம் மார்பகத்தில் கட்டி கண்டார். முதலில் சோதனை மட்டும் செய்க. முடிவை நான் விழித்திருந்து கேட்டபின் மேற்கொண்டு பேசுவோம் என்றார். அறுவை வைத்தியர் பலர் இதற்கு இணங்க மறுத்தனர். அவர் நூலகம் சென்று மருத்துவ ஏடுகளைப் புரட்டினார். நெஞ்சுத் தசையை விட்டுவைக்கும் அறுவையைச் செய்ய இசைந்த வைத்தியரைத் தேடி வேறு மாநிலத்திற்குச் சென்றார். மறு ஆண்டே, 1975-இல், தம் கதையையும் தாம் திரட்டிய செய்திகளையும் ஒன்றாக்கி மார்பகப் புற்றுநோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

இலக்கிய நயம் தேடி அந்நூலுட் புகுவோர் ஏமாறுவர். எழுதியவர் செய்தியாளர், நடையில் நளினம் குறைவு, கோபம் அதிகம், மருத்துவச் செய்திகளிற் பல இன்று பழமையாகிவிட்டன. ஆயினும் நாம் அதனை நல்ல உரைநடை என்றே மதிக்கிறோம். காரணம், அஃது எழுந்த இடம். மருத்துவ நூல் நோயிலிருந்து தொடங்கும். குஷ்னர் நோயாளி கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குகிறார். அந்நூலில் வினைக்கு எழுவாய் உண்டு. வைத்தியர் சொன்னார், நான் மறுத்தேன், நான் கேட்டேன் என்று ஆள் நின்று பேசுகிறது. 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவரல்லாத ஒரே உறுப்பினராய் அவர் அமர்ந்தார். சோதனை வேறு, அறுவை வேறாகப் பிரிக்கப்பட வேண்டும் என்றும், ஹால்ஸ்டெட் முறை இனிப் பொதுவழியன்று என்றும் அக்குழு கூறிற்று.

வழி ஒன்றே இருந்திருந்தால், அறியாமையால் வரும் கேடு சிறிது எனலாம். வழியோ ஒன்றன்று. பெர்னார்ட் பிஷர் தலைமையில் நடந்த ஆராய்ச்சி, சிறிய கட்டிகளைப் பொறுத்தவரை, கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்ச் சிகிச்சை தருவதாலும், மார்பகம் முழுவதையும் நீக்குவதாலும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று 1985-இல் காட்டியது. இருபதாண்டுக் கணக்கை 2002-இல் வெளியிட்டபோதும் அம்முடிவே நின்றது. அங்ஙனமாயின் தேர்ந்தெடுப்பவள் யார்? கதிர்ச் சிகிச்சைக்குப் பல வாரம் பஸ் ஏறிப் போய்வர இயலுமா, மார்பகம் இழப்பதை மனம் ஏற்குமா, எஞ்சியதில் நோய் திரும்புமோ என்ற அச்சம் உறக்கத்தைக் கெடுக்குமா என்பவை நுண்நோக்காடியில் தெரிவனவல்ல. இரு வழியும் உண்டென்பதையே நம் கையிலுள்ள பிரசுரங்களில் ஒன்று சொல்லவில்லை. மற்றொன்று சொல்லிவிட்டு, "மருத்துவர் தீர்மானிப்பார்" என்று கதவை அடைத்துவிட்டது.

ஆங்கில நாவலாசிரியை பான்னி பர்னி 1811-இல் பாரிஸ் நகரத்தில் மயக்க மருந்தின்றி மார்பக அறுவைக்கு உட்பட்டார். நாளை மறைத்து வைத்தனர். சில மணி நேரத்துக்கு முன்னரே செய்தி வந்தது. கருப்புடை தரித்த எழுவர் அறைக்குள் நுழைந்தனர். அவர் காணாதிருக்க முகத்தின்மேல் ஒரு கைக்குட்டையை விரித்தனர். கைக்குட்டை மெல்லியது; அதனூடே கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். தமக்கைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதனை அவர் கூறும் இடத்தைப் படித்தபோது, நம் வீடுகளில் நடப்பதே நினைவுக்கு வந்தது.

அம்மையாரின் மகள் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவள், அன்புள்ளவள். வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தாய்க்குத் தமிழில் சொன்னவள் அவளே. "சின்னக் கட்டிதான், மருந்து குடுத்தா கரைஞ்சிடும்" என்று சொல்லியிருக்கிறாள். வைத்தியர் சொன்னது மூன்றாம் நிலை. முதலில் மருந்தால் சுருக்கி, பின்னர் அறுவை, அதன்பின் கதிர். கைக்குட்டை விரித்தாயிற்று. ஆனால் தலைமயிர் கொட்டியதைத் தாய் கண்டாள். மகள் அடுப்படியில் அழுததைக் கேட்டாள். நோயின் பெயரும் அளவும் தவிர மற்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தன.

எல்லாவற்றையும் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பார் உளர். இவ்வாதத்தில் சிறிது உண்மை உண்டு. நோயின் பெயரைக் கேட்ட அன்று, அதன்பின் வைத்தியர் பேசிய எதுவும் காதில் விழவில்லை என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆகவே பகுதி பகுதியாகச் சொல்க. எவ்வளவு அறிய விரும்புகிறாய் என்று கேட்டுச் சொல்க. ஆனால் அக்கேள்வி அவளிடம் கேட்கப்படவேண்டும், அவள் மகனிடமன்று. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரைக்குமான அறிக்கைப்படி, இந்நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டனர். பயங்காட்டாத மௌனம் காத்த உயிர்கள் எத்தனையோ?

வலி இல்லையே, பிறகென்ன என்று இருந்துவிடுவோர் உளர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று நாட்டு மருந்துக்கு ஓடுவோர் உளர். முற்பிறப்புப் பாவம் என்று வாய்மூடுவோர் உளர். நாம் கண்ட பிரசுரங்கள் இவற்றில் ஒன்றையேனும் எதிர்த்து வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது, ஏனெனில் அவை வேறொரு நாட்டுப் பெண்ணுக்காக எழுதப்பட்டுத் தமிழாடை போர்த்தப்பட்டவை. ஆட்ரி லார்ட் என்னும் கருப்பினக் கவிஞர் 1980-இல் வெளியிட்ட தம் புற்றுநோய்க் குறிப்புகளில் கூறுகிறார்: அறுவைக்குப்பின் ஆறுதல் சொல்லவந்த நல்லெண்ண மாது, இழந்த மார்பகத்தின் இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுறுப்பைத் தந்தாளாம், அது வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். இவருடைய மேனிக்கு எப்படிப் பொருந்தும்?

பிறரைக் குறை கூறிவிட்டுச் சும்மா இருத்தல் தகாது என்றெண்ணி, அம்மையாருக்காக ஒரு பக்கம் நாமே எழுதிப் பார்த்தோம். எழுதியதை வைத்தியத் தொழிலில் உள்ள நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்றோம். "உங்கள் மார்பகத்தில் உள்ள கட்டி புற்றுநோய். அது அக்குள் வரை பரவியிருக்கிறது. நோய் முற்றியிருக்கிறது, ஆனாலும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் மருந்து கொடுக்கிறார்கள். மருந்தினால் தலைமயிர் கொட்டும். மருந்து முடிந்தபின் மீண்டும் வளரும். அறுவைக்குமுன் டாக்டர் உங்களைச் சந்திப்பார். என்ன அறுவை, வேறு வழி உண்டா, கை வீங்குமா என்று அவரைக் கேளுங்கள்." இவ்வாறு சென்றது அது. அழகிய நடையென்று சொல்லிக்கொள்ள மாட்டோம்.

மகளை அருகில் வைத்துக்கொண்டு அம்மையார் அதனை இருமுறை படித்தார். மகள்மேல் ஒரு நாள் கோபமாக இருந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டோம். அன்று நம்மிடம் அவர் கேட்டது ஒன்றே. ஆபரேஷனுக்குப்பின் எத்தனை நாள் கழித்துப் பேரனை அந்தக் கையால் தூக்கலாம்? நாம் எழுதிய பக்கத்தில் அதற்கு விடை இல்லை. அம்மையார் பேனாவை வாங்கி, தாளின் பின்புறத்தில், டாக்டரைக் கேட்கவேண்டும் என்று தலைப்பிட்டு, தம் கையெழுத்தில் அதனை முதற் கேள்வியாக எழுதிக்கொண்டார்.