ஜேன் பிராங்க்ளினும் காலியாக விட்ட கட்டங்களும்

ஜில் லெபோர் எழுதிய ‘புக் ஆஃப் ஏஜஸ்’ புத்தகத்தை இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். 2013-இல் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியலிலும் இருந்தது. முதல் தடவை ரொம்பப் பிடித்தது. இந்தத் தடவையும் பிடித்தது, ஆனால் ஒரு இடத்தில் லெபோரோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. மறந்துவிடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகம் யாரைப் பற்றி? நூறு டாலர் நோட்டில் இருக்கிறாரே பெஞ்சமின் பிராங்க்ளின், அவருடைய தங்கை ஜேனைப் பற்றி. அப்பா ஜோசையா பாஸ்டனில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். இரண்டு மனைவிகளுக்குமாகச் சேர்த்து 17 பிள்ளைகள். ஆண்களில் கடைக்குட்டி பெஞ்சமின், பிறந்தது 1706. பெண்களில் கடைக்குட்டி ஜேன், 1712. அண்ணன் 17 வயதில் ஊரைவிட்டு ஓடிப்போய் உலகப் புகழ் பெற்றார். தங்கைக்கு 15 வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை எட்வர்ட் மீகம், குதிரைச் சேணம் செய்கிறவர், ஓயாத கடனாளி. 12 பிள்ளைகள். அதில் 11 பேரை ஜேன் தான் உயிரோடு இருக்கும்போதே இழந்தார்.

சில தாள்களை மடித்து, நூலால் தைத்து, ஜேன் ஒரு சின்ன நோட்டு செய்துகொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் லெபோர் புத்தகத்தின் தலைப்பு. அதில் இருப்பது பெரும்பாலும் தேதிகள்தான். பிள்ளை பெயர், பிறந்த தேதி, பல பெயர்களுக்குப் பக்கத்தில் இறந்த தேதி. தலைமகன் ஜோசையா 1729 ஜூன் 4-இல் பிறந்து, அடுத்த வருடம் மே 18-இல் போய்விட்டான். பல வருடம் கழித்துப் பிறந்த இன்னொரு மகனுக்கும் அதே பெயர். (இன்றைக்கு இருக்கிற வம்சாவளி மென்பொருளில் போட்டால் ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்கும்.)

இருபது வருடமாக டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். அந்த நோட்டைப் பற்றிப் படித்ததும் முதலில் தோன்றியது, ‘இது மூன்று காலம் உள்ள ஒரு டேபிள்’ என்றுதான். லெபோர் என்னை அங்கேயே நிற்க விடவில்லை. இதை எழுதியவர் ஒரு எழுத்தாளர், இது அவருடைய நூல் என்கிறார். மாசசூசெட்ஸில் அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது பற்றிய சட்டத்திலேயே பாகுபாடு இருந்தது. ஆணுக்கு வாசிக்கவும் எழுதவும் வர வேண்டும், பெண்ணுக்கு வாசிக்க வந்தால் போதும். அந்தச் சூழலில் ஒரு சோப்புக்காரர் மகள் பேனாவைப் பிடித்ததே பெரிய விஷயம். வரலாற்று ஆய்வாளர்கள் ஆதாரமாக மட்டும் பயன்படுத்துகிற ஒரு குடும்பப் பதிவை ஒரு நூலாக வாசிக்கக் கற்றுக்கொடுத்ததுதான் இந்தப் புத்தகத்தின் ஆகப் பெரிய சாதனை என்பேன்.

அண்ணனும் குடும்ப வரலாறு தேடினார். 1758-இல் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தில் எக்டன் என்ற பூர்வீக கிராமத்துக்குப் போனார். சர்ச் பதிவேடு 1555-இலிருந்து இருந்தது. அதைப் புரட்டி, ஐந்து தலைமுறையாக கடைசி மகனுக்குக் கடைசி மகன் நான் என்று கண்டுபிடித்தார். சுயசரிதையில் அதைப் பெருமையாக எழுதியும் வைத்தார். ஒரே ஒரு ஃபில்டர் போட்ட தேடல் அது: ஆண் மட்டும். அம்மா வழியில் போயிருந்தால்? அம்மா அபையா, நான்டக்கெட் தீவில் பீட்டர் ஃபோல்ஜருக்குக் கடைசிப் பிள்ளை. அபையாவின் அம்மா மேரி மாரில், இங்கிலாந்திலிருந்து ஒப்பந்த வேலைக்காரியாக வந்தவர். அப்படியென்றால் ஜேனும் கடைசி மகளுக்குக் கடைசி மகள்தான். சுயசரிதையில் அந்தக் கணக்கு கிடையாது. அதைவிட, ஜேனின் பெயரே அதில் கிடையாது. அறுபது வருடத்துக்கும் மேலாகக் கடிதம் எழுதிக்கொண்ட தங்கையின் பெயர்!

சரி, என் சண்டைக்கு வருகிறேன்.

15 வயதில் ஏன் கல்யாணம்? அந்த ஊர் வழக்கத்துக்கே அது சின்ன வயது. உடனே தோன்றுகிற விடை, கர்ப்பமாக இருந்திருப்பார் என்பது. கல்யாணம் 1727 ஜூலை 27, முதல் குழந்தை 1729 ஜூன். நடுவே 22 மாதம். அந்த விடை அடிபட்டுப் போகிறது. ஜேன் காரணம் எழுதவில்லை. இளமையில் அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இன்று இல்லை. ஆக அந்தக் கட்டம் காலி. தெரியாத கட்டத்தைத் தெரியாது என்றே வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதில் பூஜ்ஜியத்தைப் போட்டு நிரப்பினால் பின்னால் வருகிற கூட்டல் எல்லாம் கோணிவிடும்.

லெபோருக்கு இது தெரியாததல்ல. மௌனத்தை மௌனமாக விட வேண்டும் என்பதில் ரொம்பக் கவனமாக இருப்பவர். அப்படிப்பட்டவர் எட்வர்ட் விஷயத்தில் மட்டும் கை தவறிவிடுகிறார். ஜேன் கணவனைப் பற்றி அன்பாக எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆசாமி கடனாளி, பிள்ளைகளில் பெஞ்சமின், பீட்டர் என்று இருவருக்குப் பிற்காலத்தில் புத்தி பேதலித்தது. இந்த மூன்றையும் வைத்து எட்வர்டை ஒரு வில்லனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். எனக்கு இது ஒப்பவில்லை. எட்வர்டும் ஒரு கடிதம்கூட இல்லாத மனிதர்தான். பதிவு இல்லாத பெண்ணுக்கு எவ்வளவு பொறுமையோடு இடம் கொடுத்தாரோ, பதிவு இல்லாத ஆணுக்கும் அதில் கொஞ்சமாவது கொடுத்திருக்கலாம். எட்வர்ட் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. கட்டம் காலி என்கிறேன், அவ்வளவுதான்.

தங்கைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது பெஞ்சமின்தான், அவர் ஓடிப்போனதும் பாடம் நின்றுவிட்டது என்கிற பகுதியும் ஊகம்தான். ஆனால் அது வேறு வகை. ஜேனின் எழுத்துப்பிழைகள் ஆயுசு முழுக்கக் கூடவே வந்தன, அதற்காக அவர் அண்ணனிடம் வெட்கப்பட்டார், மன்னிப்பும் கேட்டார். இதெல்லாம் கடிதத்திலேயே இருக்கிறது. ஊகத்துக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது.

கடிதங்கள் பேசத் தொடங்கியதும் புத்தகம் வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. 1775-இல் பாஸ்டன் முற்றுகையில் சிக்க, 63 வயதில் வீட்டைவிட்டு வெளியேறுகிறார் ஜேன். அண்ணன் நேரில் வந்து பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போகிறார். அண்ணன் பாரிஸில் பெரிய மனிதர்களுக்குப் பரிசு கொடுக்க, குடும்பத்தின் பழைய கைப்பக்குவத்தில் செய்த ‘கிரவுன் சோப்’ வேண்டும் என்கிறார். தங்கை செய்து அனுப்புகிறார். குடும்ப வரலாறு அண்ணன் கையில் வம்ச மரம், தங்கை கையில் சோப்பு.

1786-இல், 74 வயதில், ரிச்சர்ட் பிரைஸின் நூலைப் படித்துவிட்டு அண்ணனுக்கு எழுதுகிறார். தகுந்த சூழல் கிடைக்காததாலேயே எத்தனையோ ஆயிரம் நியூட்டன்கள் அறியாமையிலும் வறுமையிலும் வாழ்ந்து மடிந்திருப்பார்கள் என்கிறார் பிரைஸ். தடைகளை எல்லாம் முட்டித் தள்ளி மேலே வருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் என்று ஜேன் சேர்த்துக்கொள்கிறார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாருக்கு எழுதுகிறார் என்பதை யோசித்தால் போதும். லெபோர் இந்த இடத்தில் அதிகம் விளக்காமல் நகர்ந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் 1788-இல் எழுதிய உயிலில் பாஸ்டன் யூனிட்டி தெரு வீட்டை அவருக்கே எழுதி வைத்தார். ஜேன் 1794-இல் இறந்தார். ஒரு படம்கூட இல்லை. அந்த வீட்டையும் 1939-இல் இடித்துவிட்டார்கள், பால் ரெவியரின் நினைவிடத்துக்கு இடம் வேண்டுமாம்.

படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: பின்னிணைப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். பிராங்க்ளின் குடும்பக் கடிதங்களை 19-ஆம் நூற்றாண்டில் பதிப்பித்த ஜேரட் ஸ்பார்க்ஸ், மூலத்தில் எப்படியெல்லாம் கை வைத்தார் என்று அதில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பழைய பிரதிக்கும் புதிய பிரதிக்கும் ‘டிஃப்’ பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு விருந்து. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.