தாயை மறந்த நாடகம்

இப்சனின் 'ஆவிகள்' நாடகம் 1881 டிசம்பரில் அச்சேறியது. அந்நூலை வாங்கிய கடைக்காரர்கள் பலர் கட்டுக்கட்டாகப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பினர். ஸ்காண்டிநேவிய நாட்டு அரங்குகள் கதவடைத்தன. முதல் மேடை கடல் கடந்து, சிகாகோ நகரில், 1882இல் கிடைத்தது. 1891இல் இலண்டனில் அது நடிக்கப்பட்டபோது ஏடுகள் சீறின. சாக்கடை என்றன, கட்டவிழ்த்த புண் என்றன. இத்தனைக்கும் நாடகத்தில் நோயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை! பெயர் சொல்லாத நோய்க்கே அவ்வளவு பதற்றம்!

அந்நோய் சிபிலிஸ், நம் முன்னோர் பறங்கிப்புண் என்றழைத்த நோய்.

கதையை அறியாத தோழர்களுக்காகச் சுருங்கச் சொல்வோம். ஊர் போற்றும் சீமான் கேப்டன் ஆல்விங். உள்ளே ஒழுக்கக்கேட்டின் உறைவிடம். மணமான ஓராண்டிலேயே மனைவி ஹெலன் வெளியேறி, பாதிரியார் மாண்டர்ஸிடம் அடைக்கலம் தேடுகிறாள். அவர் கடமையை நினைவூட்டிக் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார். அதைத் தம் வாழ்நாள் வெற்றியென்று பெருமை பேசவும் செய்கிறார். திரும்பிய பிறகே ஆஸ்வால்ட் பிறக்கிறான். வீட்டு வேலைக்காரிக்கும் கேப்டனால் ஒரு பெண் பிறக்கிறது. பணம் கொடுத்து அவளை ஒரு தச்சனுக்கு மணமுடித்து வைக்கின்றனர். ஆல்விங் அம்மையாரோ மகனை ஏழு வயதில் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, கணவனின் அழுக்கையெல்லாம் தன் கையால் மூடி மறைக்கிறாள். அவன் மாண்டபின் அவன் பெயரால் அநாதை இல்லமும் எழுப்புகிறாள்.

ஓவியனாகப் பாரிசிலிருந்து திரும்பும் மகன் மூளை நோய்க்கு ஆளாகியிருக்கிறான். பிறவியிலேயே வந்த கேடு இது, தந்தையின் வினை மகனைத் தாக்கியது என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். மகன் ஒப்பவில்லை. தந்தையைப் புகழ்ந்து தாய் எழுதிய கடிதங்களை மொழிபெயர்த்துக் காட்டுகிறான். மருத்துவர் தம் கருத்தை மாற்றிக்கொள்கிறார். அப்படியானால் குற்றம் உன்னுடையதே என்கிறார். தாய் மானம் காக்க எழுதிய பொய், மகனைத் தன்னையே வெறுக்கச் செய்கிறது! இந்த ஓரிடத்துக்காகவே இப்சனை உலக மேதை எனலாம். பாதிரிமாரின் பிரசங்கங்களை எதிர்த்து நூறு சொற்பொழிவு ஆற்றினாலும் இந்த ஒரு திருப்பத்துக்கு ஈடாகாது.

ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம். தந்தையின் நோய் மகனுக்கு எவ்வழியே வந்தது?

சிபிலிஸ் தந்தையிடமிருந்து கருவுக்கு நேரே தாவுவதில்லை. தாயைத் தொற்றி, தாயின் குருதி வழியாகவே சிசுவை அடையும். ஆஸ்வால்டுக்குப் பிறவி நோய் உண்டென்றால், ஆல்விங் அம்மையாருக்கும் நோய் உண்டு. மூன்று அங்கங்களிலும் இதை ஒருவரும் கேட்கவில்லை. பாதிரியார் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, அவளே தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவில்லை. மகனுக்காகத் துடிக்கும் அந்தத் தாய்க்கு உடல் என்று ஒன்று இருப்பதையே நாடகம் மறந்துவிட்டது.

இப்சன் ஒருவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கையே அது. நோயுற்ற குழந்தை, பாலூட்டும் செவிலிக்கு நோயைத் தரும். பெற்ற தாய்க்குத் தராது என்று டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலஸ் 1837இல் எழுதினார். கண்டது மெய்தான். ஆனால் அதற்குப் பலர் கூறிய விளக்கம், தாய் நோயின்றியே காப்பு எய்திவிட்டாள் என்பது! தந்தை விதை, தாய் வெறும் நிலம் என்னும் பழங்கதை மருத்துவ உடை தரித்து வந்தது போலும். 1905இல் நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1906இல் வாசர்மனின் குருதிச் சோதனை வந்தது. நலமாயிருக்கிறாள் எனப்பட்ட அத்தாய்மாரின் குருதி அதன்பின் பேசியது: அவர்களுக்கு நோய் முன்னமே இருந்தது. முதற்புண் வலியற்றது, பெண்ணுக்கு உள்ளுறுப்பில் தோன்றினால் கண்ணிலும் படாது, பின் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும்.

வெட்டை நோயின் கதையும் இதுவே. ஆடவனிடம் அடங்கிக் கிடக்கும் அந்நோய் மனைவியைத் தொற்றி அவளை மலடாக்குகிறது என்று, நியூயார்க்கில் பணிபுரிந்த நோகெராத் என்னும் மருத்துவர் 1872இல் எழுதினார். சக மருத்துவர்கள் எள்ளி நகையாடினர். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பெண்ணிடம் பல வேளை அறிகுறியே இன்றிக் கருக்குழாய்களைக் கெடுப்பது அந்நோய். நோய் தந்தவன் மறுமணத்துக்குப் பெண் பார்ப்பான். பெற்றவள் 'மலடி' என்ற பட்டம் சுமப்பாள்!

மனைவியின் உடலை மறந்த அதே காலம், வேறொரு பெண்ணின் உடலை மறக்கவேயில்லை. 1864இல் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. படைவீரர் தங்கிய ஊர்களில் விலைமகள் என்று ஐயுறப்பட்ட பெண்ணைக் கட்டாயச் சோதனைக்கு இழுத்தனர். அவளை நாடிய ஆடவனுக்கோ சோதனை இல்லை. 1868இல் அவ்வகைச் சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஜோசபின் பட்லர் அம்மையாரும் தோழியரும் ஆண்டுக்கணக்கில் போராடியே இங்கிலாந்துச் சட்டத்தை 1886இல் நீக்கச் செய்தனர். ஐயத்துக்கு ஆளானவளுக்குச் சிறை. பாராட்டுக்கு ஆளானவளுக்கு மௌனம். இருவரில் எவளுக்கும் நலம் கிட்டவில்லை.

மொழியும் இவ்வழக்கில் நடுநிலை வகிக்கவில்லை. ஐரோப்பியர் இந்நோய்களுக்கு வீனஸ் என்னும் பெண் தெய்வத்தின் பெயரைச் சூட்டினர். நம் தெருவிலோ 'பொம்பளைச் சீக்கு'! நோய் தாங்குபவள் பெயரே நோய் தந்தவள் பெயராகிவிட்டது. வகுப்பறையில் உடலியல் பாடத்தின் அந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தை மூடிவிடும் ஆசிரியப் பெருமக்களை நாம் அறிவோம். பிள்ளைகள் அச்சொல்லைத் தெருவில் கற்கின்றனர்.

ஆல்விங் அம்மையாருக்கு வாய்க்காதது இன்று நம் மருத்துவமனைகளில் உண்டு. கருவுற்ற பெண்ணின் குருதியைச் சோதித்து, உரிய காலத்தில் பெனிசிலின் ஊசி போட்டால் தாயும் நலம் பெறுவாள், சேயையும் பெரும்பாலும் காக்கலாம். 1943இலேயே அம்மருந்தின் ஆற்றல் தெரிந்துவிட்டது. கணவனும் உடன் வந்து சிகிச்சை பெறவேண்டும்; இல்லையேல் நோய் மீண்டும் அவளிடமே திரும்பும். மாண்டர்ஸ் அவளைத் திருப்பி அனுப்பியதும் அவ்வீட்டுக்குத்தானே?

இந்நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற விழையும் மன்றத் தோழர்களுக்கு ஒரு யோசனை. வசனத்தில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். பாரிஸ் மருத்துவர் சொன்னதை மகன் கூறும் கட்டத்தில் விளக்கொளியை அவன்மீது வீசாதீர்கள். தாய்மீது வீசுங்கள். நடிப்பவர் தம் கையைத் தாமே ஒருகணம் பார்க்கட்டும்; பிறகு மகன் பேச்சைத் தொடரட்டும்.