களஞ்சியமும் வைஃபையும்: லினக்ஸில் மென்பொருள் நிறுவும் முறையின் நிறைகுறைகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியோ புதிய தலைமுறை பிராசசரோ இல்லாத மடிக்கணினிகள் ஏராளம். விசைப்பலகை, திரை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நன்றாக இருக்கும் கணினியைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. அவர்களில் ஒரு பகுதியினர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ பென் டிரைவில் ஏற்றி நிறுவுவது இன்று கடினமான வேலை அல்ல. அதற்கு அடுத்த படியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வைஃபை பட்டியலே வராது. டிரைவர் தேடினால் டெர்மினலில் கட்டளை அடிக்கச் சொல்வார்கள். கட்டளையை அடித்தால் இணைய இணைப்பு இல்லை என்று பதில் வரும்.

இதைப் பார்த்து, லினக்ஸே சாதாரண மனிதருக்கானது அல்ல என்று தீர்ப்பெழுதுபவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொள்ளாதது புதியவரின் குறை என்று கைகழுவுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மென்பொருள் நிறுவ லினக்ஸ் கண்ட வழி, கணினி உலகம் கண்ட மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு வலிமை தரும் அதே விதிதான் புதிய வைஃபை சிப் விஷயத்தில் புதியவரைத் தவிக்கவிடுகிறது. நிறையையும் குறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது தெளிவாகும்.

களஞ்சியத்தின் வலிமை

விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் பெரும்பாலோர் இணையத்தில் தேடுவார்கள். தேடலில் வரும் தளம் உண்மையானதா, 'டவுன்லோட்' என்று மின்னும் நான்கு பொத்தான்களில் எது அசல், கூடவே வேண்டாத எதுவும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சுமை பயனர் தலையில்தான். லினக்ஸில் இந்தச் சுமை பெருமளவு குறைகிறது. இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம், மென்பொருள்களையெல்லாம் பொதிகளாக ஒரே களஞ்சியத்தில் சேர்த்தது. 1999-இல் வந்த டெபியன் 2.1, அந்தப் பொதிகளை வலைவழியே எடுத்து நிறுவும் 'ஏபிடி' கருவியைக் கொண்டுவந்தது. உபுண்டு, மின்ட் ஆகியவை அந்த வழியில் வந்தவையே. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் 64,419 பொதிகள் இருந்தன.

எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பது. களஞ்சியத்தின் பட்டியலில் மின்கையொப்பம் இருக்கும். நடுவில் யாராவது பொதியை மாற்றினால் கணினி அதை ஏற்க மறுத்துவிடும். ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான துணைப் பொதிகளைக் கருவியே கண்டுபிடித்து இறக்கிக்கொள்கிறது. உலாவி, அலுவலகச் செயலி, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையில் புதுப்பிப்பு வந்துசேர்கிறது. வேண்டாமென்றால் நீக்குவதும் அவ்வளவே எளிது. செல்பேசியின் ஆப் ஸ்டோர்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வசதி லினக்ஸில் இருந்தது.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் பதிப்பில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அப்போது பொதிகளுக்கிடையே இருந்த முரண்பாட்டைத் தீர்க்க, திரைச்சூழலையே நீக்கிவிடலாம் என்று ஏபிடி முன்மொழிந்தது. இது ஆபத்தானது என்ற எச்சரிக்கையும் நீண்ட பட்டியலுக்கு இடையே இருந்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருள்படும் வாக்கியத்தை அவர் தட்டச்சு செய்தார். திரைச்சூழல் போய்விட்டது. எச்சரித்தாயிற்று, அப்புறம் அவர் பாடு என்று விட்டுவிட முடியாது. விளையாட்டு ஒன்றை நிறுவ வந்தவருக்கு, திரையையே கழற்றும் வழியைக் கருவி முன்மொழிந்திருக்கவே கூடாது. ஏபிடியை உருவாக்குபவர்களும் இதை உணர்ந்து, அத்தியாவசியப் பொதிகள் அவ்வளவு எளிதில் நீங்காதபடி கருவியை இறுக்கினார்கள். விமர்சனத்தைக் கேட்டுத் திருந்தும் இந்தக் குணம் பாராட்டத்தக்கது.

வேறொரு குழப்பம் அண்மைக் காலத்தது. களஞ்சியப் பொதிகளுக்குப் பக்கத்திலேயே ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று வேறு வகைகளும் வந்துவிட்டன. உபுண்டு 22.04-இல் ஏபிடி வழியாக ஃபயர்பாக்ஸ் கேட்டாலும் வந்து சேர்வது ஸ்னாப் வடிவம்தான். லினக்ஸ் மின்ட்டோ ஸ்னாப்பை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. ஒரே வாசல் என்பதுதான் களஞ்சியத்தின் பெருமை. புதியவர் முன்னால் நான்கு வாசல்களைத் திறந்து வைத்தால் அந்தப் பெருமை தேய்கிறது.

கெர்னலுக்குள் வாழும் டிரைவர்

விண்டோஸில் வைஃபை டிரைவரைத் தயாரித்துத் தருவது சிப் நிறுவனத்தின் வேலை. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் உள்ளேயே இருக்கின்றன. கெர்னலைப் பராமரிப்பவர்கள் நிரலைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே அவை உள்ளே வருகின்றன. உள்ளே வந்துவிட்டால், கெர்னல் மாறும்போது டிரைவரையும் அவர்களே சேர்த்து மாற்றுகிறார்கள். தயாரித்த நிறுவனம் மறந்துவிட்ட பழைய சிப்கூடப் பல ஆண்டுகள் வேலை செய்வது இதனால்தான். ஏத்தராஸின் பழைய சிப்களைக் கொண்ட கணினியில் லினக்ஸ் போட்டவுடன் வைஃபை வந்துவிடும். இன்டெல் சிப்களுக்கும், கெர்னல் மிகப் பழையதாக இல்லாதவரை, அதே நிலைதான்.

இதன் மறுபக்கம் நிதானம். நிலையான பதிப்புகள் சோதித்துப் பார்த்த கெர்னலோடு நிற்கும். புதிய டிரைவரைத் தேடி ஓடாது. அந்த நிதானம் வீண் அல்ல. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கக் கருவியில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதை, தொலைவிலிருந்து உள்நுழைவதில் ஏற்பட்ட அரை விநாடித் தாமதத்தைத் துப்பறிந்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். அதற்குள் அந்தப் பொதி டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் நுழைந்திருந்தது. நிலையான பதிப்பை அடையவில்லை. மெதுவாகப் போனதால் கோடிக்கணக்கான கணினிகள் தப்பின. அதே மெதுவான போக்கினால்தான் நேற்று கடைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபை இன்று இயங்காமல் கிடக்கிறது.

ஒரு சிப்பைக் கிட்டத்தில் பார்த்தால்

மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8821சிஇ என்ற சிப் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04-இன் கெர்னல் 5.4. இந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்ததோ அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 5.9-இல். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பதிப்பை நிறுவியவருக்கு வைஃபை கிடையாது. உபுண்டு களஞ்சியத்தில் இதற்கென்றே ஒரு டிகேஎம்எஸ் பொதி இருந்தது. ஆனால் அதை இறக்க இணையம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை இது.

இணையம் கிடைத்தாலும் பாதை நீளம். டிகேஎம்எஸ் பொதி டிரைவரை ஆயத்தமாகத் தருவதில்லை; பயனரின் கணினியிலேயே அதைத் தொகுக்கிறது. அதற்குக் கம்பைலரும் அந்தந்தக் கெர்னலுக்குரிய ஹெட்டர் கோப்புகளும் தேவை. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் தொகுப்பு மறுபடி நடக்கும். புதிய கெர்னலோடு நிரல் ஒத்துப்போகாவிட்டால், வழக்கமான புதுப்பிப்புக்கு அடுத்த நாள் காலையில் வைஃபை காணாமல் போகும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்கும் வெளியே இருக்கும் டிரைவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பயனர் உணரும் தருணம் அது.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படி சேர்கிறது. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. எனவே நிறுவும்போதே உபுண்டு ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். அப்போது விசையை அழுத்தி, டிரைவரில் கையொப்பமிடும் சாவியைப் பதிவு செய்யும் தேர்வைக் காட்டி, அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்தோ புரியாமலோ விட்டுவிட்டால் கணினி இயல்பாகத் திறக்கும். டிரைவர் மட்டும் இயங்காது. தவறு எங்கே என்று சொல்ல எந்தச் சாளரமும் முன்வராது. பாதுகாப்புக்காக வைத்த படி சரியானது. அதைப் புதியவருக்கு முன்கூட்டியே தெளிவாக விளக்காமல் விட்டதுதான் வடிவமைப்பின் குறை.

கட்டளையை ஒட்டும் பழக்கம்

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது நாம் சொல்லிக்கொடுக்கும் விதம்தான். வைஃபை வரவில்லை என்று ஒருவர் கேட்டவுடன் ஐந்து வரிக் கட்டளையை நீட்டிவிடுகிறோம். சூடோ என்ற சொல்லோடு தொடங்கும் கட்டளை கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்கிறது என்று சொல்வதில்லை. எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே இயக்கச் சொல்லும்போது, களஞ்சியமும் மின்கையொப்பமும் கட்டிக்காத்த நம்பிக்கையை ஒரே வரியில் கலைத்துவிடுகிறோம்.

காலாவதியான அறிவுரையும் இதில் கலந்துவிடுகிறது. பிராட்காம் சிப்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறுவனம் தகவல் தராத காலத்தில் தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையைப் பகுப்பாய்ந்து எழுதிய டிரைவர் ஒன்று. நிறுவனமே தந்த மூடிய டிரைவர் ஒன்று. 2010-இல் அது திறந்துவிட்ட டிரைவர் மற்றொன்று. இவற்றுக்கும் முன்பு, விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்ட உதவிய என்டிஸ்ராப்பர். எந்தச் சிப்புக்கு எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் முயன்றால் ஒன்றின் வழியை மற்றொன்று மறிக்கும். இத்தனைக்கும் உபுண்டு, பிராட்காமின் மூடிய டிரைவர் பொதியை நிறுவல் பென் டிரைவிலேயே சேர்த்துத் தந்தது. இணையமின்றியே நிறுவலாம் என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததால் எத்தனையோ பேர் அலைந்தார்கள்.

கொள்கையும் பயனரும்

பல வைஃபை சிப்களுக்கு டிரைவரோடு, சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் தேவை. அதன் மூலநிரலை நிறுவனங்கள் தருவதில்லை. கட்டற்ற மென்பொருளே தன் உயிர் என்று கருதும் டெபியன், 2011-இல் வந்த பதிப்பு முதல் அத்தகைய ஃபர்ம்வேரைக் கெர்னலிலிருந்து பிரித்து வைத்தது. அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் நிறுவனங்கள் மேல் அழுத்தமே இருந்திருக்காது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் சிப் நிறுவனம் அல்ல, வைஃபை இல்லாமல் உட்கார்ந்த புதியவர். 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். டெபியன் 12 அப்படியே வந்தது. ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவை வைத்து, எது மூடியது என்பதையும் மறைக்காமல் காட்டியது. கொள்கையை விட்டுக்கொடுக்காமலே பயனருக்கு வழிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே என் முடிவு இது. பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் முறை எல்லா வகையிலும் பொருத்தமானது, தயங்காமல் நிறுவலாம். புத்தம் புதிய மலிவு மடிக்கணினிக்கு, சிப்பைப் பார்க்காமல் பரிந்துரைப்பது நேர்மையல்ல. களஞ்சிய முறை காக்கப்பட வேண்டியது. இணையம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டிரைவரைக் களஞ்சியத்துக்குள் மட்டும் வைப்பது கைவிடப்பட வேண்டியது.

புதிதாக வருபவர்களுக்கு: நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், விசைப்பலகையிலோ ஓரத்திலோ வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு செல்பேசியைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். களஞ்சியத்தின் கதவும் திறக்கும். மடிக்கணினியின் பெயரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வெவ்வேறு சிப்கள் வருவதுண்டு. 'lspci -nn' கட்டளை காட்டும் எட்டு எழுத்து அடையாளக் குறிதான் உங்கள் சிப்பின் உண்மையான முகவரி. அதை வைத்துத் தேடுங்கள், உதவி கேளுங்கள்.

உதவி செய்பவர்களுக்கு: கட்டளையைத் தருவதற்கு முன் அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல முடியாத கட்டளையை யாருக்கும் தராதீர்கள்.