சிறுவர் நெடுமொழி

போளையடியில் தோற்ற சிறுவனொருவன், வென்றவனை நோக்கி, ‘எங்கட ஐயா ஆரெண்டு தெரியுமோ?’ என வினவுதலை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளர்ந்தோர் பலரும் கேட்டிருப்பர். யாமும் கேட்டோம், யாமும் கூறினோம். விடை வேண்டாத இவ்வினாவை வெறும் வாய்வீச்சென்று தள்ளுதல் எளிது. ஆயின், தன் வலிமை முடிந்தவிடத்தே தந்தையின் வலிமையைத் துணைக்கழைக்கும் இவ்வுரைக்குப் பழந்தமிழ்ச் செய்யுளில் இனமுண்டு.

புறப்பொருள் வெண்பாமாலை, நெடுமொழி வஞ்சி என்றொரு துறையை வகுக்கும். பகைவர் படையின்முன் வீரன் தன் ஆண்மையை எடுத்துரைத்தல் அதன் இலக்கணம். திருக்குறளிற் படைச்செருக்கு அதிகாரத்து முதற்குறள் (771) இத்துறையின்பாற் படுவது. அதன் முதற்சொல் ‘என்னை’. மாணவர் இதனை ‘நான்’ என்பதன் இரண்டாம் வேற்றுமையுருவாகக் கொண்டு, வீரன் தன்னையே புகழ்ந்தான் எனப் பொருளெழுதுவது ஆண்டுதோறும் நிகழ்வது. அது பிழை. என் + ஐ எனக் கொண்டு, ‘என் தலைவன்’ என்றே பரிமேலழகர் பொருளுரைத்தார். அவன்முன் நின்று, பின்னர்க் கல்லாய் நின்றோர் பலர் என்பதே அவ்வீரன் விடுக்கும் எச்சரிக்கை. சான்று நடுகல், புகழோ தலைவனுடையது. ‘ஐ’ என்பதற்குத் தந்தையென்னும் பொருளும் உண்டு. நம்மவர் தந்தையை அழைக்கும் ‘ஐயா’வும் அதன் வழித்தே. போளையடிச் சிறுவன் தான் அறியாமலே அப்பழஞ்சொல்லை ஆண்டானென்க.

புறநானூற்று 89ஆம் பாட்டும் ஈண்டு நோக்கற்பாலது. உம் நாட்டிற் போர்செய்வாரும் உளரோ என வினவிய வேந்தனுக்கு விடையிறுக்கும் ஔவையார், மள்ளரைக் கூறியபின், மன்றத்து முழவிற் காற்று மோதிய ஓசையையும் போரென்று கொள்ளும் அதியமானை ‘என்னை’ எனச் சுட்டி முடிக்கின்றார். படைக்கலம் ஏந்தாத புலவர்க்குத் தலைவனே படைக்கலம்.

இனித் திரைப்படத்திற்கு வருவாம். 1995இல் வெளிவந்த ‘பாட்ஷா’வில் ரஜினிகாந்த், தாம் ஒருமுறை கூறுவது நூறுமுறை கூறியதற்கு ஒப்பாகும் என்பார். இது மாணவர் பிழையாய்க் கொள்ளும் அந்த ‘என்னை’! இத்தகைய வசனங்களைக் கற்றோர் இகழ்வர். யாம் அவ்வளவிற்குச் செல்லோம். நாட்டுக்கூத்திலும் அரசன் தன் வரவிலே தன் கொற்றத்தைத் தானே பாடுவான். குறை யாதெனின், நாயகன் தோலான் என்பதைக் கொட்டகை முன்னரே அறியும். கல்லாய் நிற்கும் அச்சம் அங்கு எவர்க்குமில்லை. எனினும், கொட்டகையில் இருக்கும் இரசிகன் அவரைத் ‘தலைவர்’ என்கின்றான். பரிமேலழகர் கொண்ட பொருளும் அதுவன்றோ? திரையிலே தற்புகழ்ச்சியாய்ப் பிறந்த வசனம், அவன் வாயில் மீண்டும் ‘என் ஐ’ ஆகிவிடுகின்றது.

சில ஆண்டுகளின்முன் இக்குறளைக் கற்பித்தபோது, போரிலே தந்தையை இழந்த மாணவனொருவன் எழுந்து, ‘அப்ப, ஐயா இல்லாதவன் இதை எப்பிடிச் சொல்லுறது சேர்?’ என்றான். உரைநூல்களில் அதற்கு விடையில்லை. குறளிலே அந்த ‘ஐ’ தோன்றவுமில்லை, பேசவுமில்லை. அவனுக்காகப் பேசுபவன் ஒருவனே நம்முன் நிற்கின்றான் என்று, எனக்குத் தோன்றியதைக் கூறினேன். அவன் இருந்துகொண்டான். அடுத்த குறளுக்குச் செல்லச் சற்று நேரமாயிற்று.