திருச்சி இதழ்கள்: எஞ்சிய தாள்களைத் தேடி

தமிழ் இதழியல் வரலாற்றைச் சென்னையிலிருந்தே எழுதிப் பழகிவிட்டோம். காவிரிக்கரையில் திருச்சியும் அதன் சுற்றுவட்டாரமும் ஓர் ஆசிரியர், ஒரு சிறு அச்சகம், சந்தாதாரர்களின் நல்லெண்ணம் ஆகியவற்றை மட்டும் நம்பி நடத்திய இதழ்கள் அந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகவே வருகின்றன. அவற்றில் வெளிவந்த கதைகளும் கவிதைகளும் ஓரளவு நூல்களாகிவிட்டன. தலையங்கம், ஊர்ச்செய்தி, வாசகர் கடிதம், விளம்பரம் ஆகியவை நூலாவதில்லை. ஆனால் ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பது அங்கேதான் பதிவாகிறது.

வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயரிலிருந்து தொடங்கலாம். லண்டனில் சட்டம் படிக்கப் போனவர், அங்கிருந்து பாரதியின் ‘இந்தியா’ இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். 1920இல் சென்னையில் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார்; ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். சிறுகதை முன்னோடியாக அவரைப் பாடநூல்கள் அறியும். அயல்நாட்டிலிருந்து எழுதிய செய்தியாளராக அவரைப் படித்தவர்கள் குறைவு. வரகனேரியில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவருடைய இதழ்ப்பணிக்கும் அங்கே உரிய இடம் வேண்டும்.

1930களில் மணவை ரெ. திருமலைசாமி திருச்சியில் ‘நகர தூதன்’ வார இதழை நடத்தினார். சுயமரியாதை இயக்கச் சார்புள்ள அந்த ஏட்டில் ‘கேசரி’ என்ற பெயரில் வந்த ‘பேனா நர்த்தனம்’ பத்தி கூர்மையான அரசியல் எழுத்துக்குப் பெயர் பெற்றது. ஊரிலிருந்தபடியே மாகாண அரசியலை விமர்சிக்க முடியும் என்று காட்டிய இதழ் அது.

அடுத்த பத்தாண்டில் துறையூர் முன்னுக்கு வந்தது. அரசியல் ஏடாக இருந்த ‘கிராம ஊழியன்’ 1943இல் இலக்கிய இதழாக மாறியது. திருலோக சீதாராமும் கு.ப. ராஜகோபாலனும் அதில் பணியாற்றினார்கள். 1944 ஏப்ரலில் கு.ப.ரா. மறைந்தார். பிறகு வல்லிக்கண்ணன் பொறுப்பேற்க, 1947வரை இதழ் வந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டின் நடுவே ஒரு சிற்றூரிலிருந்து இப்படி ஓர் இதழ் வந்தது சாதாரணச் செய்தி அன்று. வல்லிக்கண்ணன் பின்னாளில் சிற்றிதழ் வரலாறு எழுதியதால் இவ்வளவாவது பொதுவாக அறியப்பட்டிருக்கிறது.

இந்த வரிசையில் அதிகக் கவனம் வேண்டுபவர் திருலோக சீதாராம். பெரம்பலூர்ப் பகுதியில் தொண்டைமான்துறையில் 1917இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோனது, வீட்டுமொழி தெலுங்கு. தமிழைத் தம் முயற்சியால் வசப்படுத்திக்கொண்டு கவிஞராகவும் பத்திரிகையாசிரியராகவும் வளர்ந்தார். திருச்சியிலிருந்து ‘சிவாஜி’ இதழை நெடுங்காலம் நடத்தினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்த’னைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாரதியின் பாடல்களையும் பாரதிதாசனின் பாடல்களையும் மேடைதோறும் நினைவிலிருந்தே பொழிந்தார். பாரதியின் மனைவி செல்லம்மாவின் இறுதிக் காலத்தில் மகன்போல உடனிருந்தார். 1973இல் மறைந்தார். ‘இலக்கியப் படகு’ போன்ற சில நூல்கள் கிடைக்கின்றன. ரவிசுப்பிரமணியன் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஆனால் பேச்சிலேயே தம்மைச் செலவழித்த அந்த மனிதரின் அன்றாடச் சிந்தனையை அறிய ‘சிவாஜி’யின் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும். வேறு வழியில்லை.

அந்தப் பக்கங்கள் ஏன் அரிதாகின்றன என்பதற்கு அச்சகத்துக்குள்ளேயே காரணம் உண்டு. அன்று அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி சேர்ப்பார். புரூஃப் திருத்தி, ஃபாரம் என்னும் பக்கச் சட்டத்தை முடுக்கி, மெஷினில் ஏற்றி ஓட்டியதும் எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஃபாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டுமே! ஆகவே அச்சான பிரதிகளைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. அந்தப் பிரதிகளும் பெரும்பாலும் மலிவான காகிதம். அமிலம் ஊறிய மரக்கூழ்த் தாள் சில பத்தாண்டுகளில் பழுத்து, மடிப்பில் ஒடிந்து, தொட்டால் பொடியாகும். மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

இதற்குச் சாட்சி சொல்ல ஸ்ரீரங்கத்திலேயே ஒருவர் இருந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜனின் முதல் கதை 1953இல் ‘சிவாஜி’யில்தான் வெளியானது. பின்னர் சுஜாதா என்ற பெயரில் தமிழகமே அறிந்த எழுத்தாளரான அவரிடமே அந்த இதழ் இல்லை. வாசகர்களிடம் கேட்டு எழுதினார். இவ்வளவு புகழ்பெற்றவரின் முதல் கதைக்கே இந்தக் கதியென்றால், பெயர் போடாமல் எழுதிய ஊர்ச் செய்தியாளர்களின் எழுத்து என்னவாகியிருக்கும்?

அந்த இழப்பு இலக்கியத்தோடு நிற்பதில்லை. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தையும், 1977 நவம்பரில் புயல் மழையால் திருச்சி மூழ்கியதையும் அரசு ஆவணங்கள் அளவுகளாகச் சொல்லும். எந்தத் தெரு முதலில் மூழ்கியது, யார் சோறு பொங்கிப் போட்டார்கள் என்பதை உள்ளூர் ஏடுதான் சொல்லும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தபோது உள்ளூர்ச் செய்தியாளர்கள் எழுதியதும் நாளை இதே நிலைக்கு வரக்கூடும்.

காப்பிடங்கள் இல்லாமலில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவை, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. திருச்சிக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு பழைய இதழ்களும் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பல இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். தனிமனிதர்களின் பிடிவாதமே இவற்றில் பாதிக்கு மூலதனம்.

திருச்சி செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கட்டடம் தேவையில்லை. ஒரு பட்டியல் போதும். எந்த இதழ், எந்த ஆண்டு, எந்த எண், யாரிடம் இருக்கிறது என்று இங்குள்ள கல்லூரித் தமிழ்த் துறைகள் மாணவர்களைக் கொண்டே தொகுக்க முடியும். இருப்பது தெரிந்தால்தான் இல்லாததைத் தேட முடியும். கூடவே ஆசிரியர்களின் கடிதங்களையும் சந்தாக் கணக்கேடுகளையும் கையெழுத்துப் படிகளையும் குடும்பங்களிடம் கேட்டு ஸ்கேன் செய்துகொண்டு, மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரலாம். பரணைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர்க்காரர் வருவதற்குள் மாணவர்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஊருக்காக எழுதித் தீர்ந்தவர்களுக்கு ஊர் பட்ட கடன் இது.