லமார் ஜாக்சனுக்காக மாறிய பால்டிமோர்

அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில், 2018-இன் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். முதல் ஆளாக பேக்கர் மேஃபீல்ட், மூன்றாவதாக சாம் டார்னல்ட், ஏழாவதாக ஜோஷ் ஆலன், பத்தாவதாக ஜோஷ் ரோசன். கடைசியாக, 32-ஆவது இடத்தில் லமார் ஜாக்சன். இவர்களில் சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதைத் தொட்டவர்கள் ஆலனும் ஜாக்சனும். டிராஃப்டுக்கு முன்பு நிபுணர்கள் அதிகம் சந்தேகப்பட்டதும் இவர்களைத்தான்.

கல்லூரி வீரரைத் துருவித் துருவி அலசுகிறோம். அவரை எடுக்கப்போகும் அணியை அதில் பாதிகூட அலசுவதில்லை. கணிப்பு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜாக்சன் லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2016-இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருது வாங்கியவர். அப்படியும், அவர் வைட் ரிசீவராக மாறுவதே நல்லது என்று பில் போலியன் போன்ற பழுத்த நிர்வாகியே சொன்னார். பால்டிமோர் ரேவன்ஸ் அவரை மாற்றவில்லை. தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோவில் காலின் கேப்பர்னிக்கை வைத்து, குவார்ட்டர்பேக்கும் ஓடும் பாணியை நடத்திய கிரெக் ரோமனிடம் 2019-இல் தாக்குதல் பொறுப்பு போனது. ஜாக்சன் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டுவார். கண் மட்டும் எதிரணியின் ஓரத் தடுப்பாளர் மேலேயே இருக்கும். அந்தத் தடுப்பாளர் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு காலியான பக்கம் ஜாக்சனே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து கைமாறிவிடும். கல்லூரியில் அவருக்குப் பழகிய முடிவுதான் இது. அந்த சீசனின் பலன்: அணிக்கு 14 வெற்றி, 2 தோல்வி; ஜாக்சனுக்கு 36 டச் டவுன் பாஸ்கள், ஓடியே 1,206 யார்டு. எம்.வி.பி. விருதுக்கான 50 வாக்குகளும் அவருக்கே விழுந்தன.

ஆலன் கதை வேறு. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்த நூறு பந்துகளில் 56தான் சக வீரர் கைக்குப் போனது. துல்லியம் கற்றுக்கொடுத்து வருவதில்லை என்பது அன்றைய பொதுக் கருத்து. அவரை எடுத்த பஃபலோவில் முதல் ஆண்டு 52.8 சதவீதம், 2020-இல் 69.2. எறியும் முறையைத் திருத்த அவர் உழைத்தது ஒரு பக்கம். அந்த மூன்று ஆண்டுகளும் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட், தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபால் என்று ஆள் மாறாமல் இருந்ததும், ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்ததும் மறுபக்கம்.

ரோசனுக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. அவரை எடுத்த அரிசோனாவில் தாக்குதல் பயிற்சியாளரை சீசன் நடுவிலேயே நீக்கினார்கள், தலைமைப் பயிற்சியாளரை சீசன் முடிந்ததும் நீக்கினார்கள். அடுத்த டிராஃப்டில் கைலர் மர்ரே என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பினார்கள். அவரிடமும் குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு சீசனை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமே இல்லை.

எனவே, அடுத்த டிராஃப்டில் நான் முதலில் பார்க்கப்போவது இதைத்தான்: எடுக்கும் அணியின் பயிற்சியாளர் இரண்டாம் ஆண்டும் பதவியில் இருப்பாரா? பையனுக்குப் பழகிய ஆட்டங்களைத் தன் திட்டத்தில் சேர்க்க அவர் தயாரா? பயிற்சியாளர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டார்னல்டே சாட்சி: ஜெட்ஸ் மூன்றே சீசனில் கைகழுவிய அவர், 2024-இல் மின்னசோட்டாவில் கெவின் ஓ'கானலின் கீழ் ஒரே சீசனில் 14 ஆட்டங்களை வென்றார்.